ரஃப்தான், அதுக்கென்ன

இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கண்டால் டயர்காரருக்கு ஆகாது. அப்படிப் பேசுகிறவன் ஒன்று எதையாவது விற்க வந்திருப்பான், இல்லாவிட்டால் எதையாவது மறைக்க வந்திருப்பான் என்பது அவருடைய தீர்மானம். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் ஆயுசு முழுக்க நின்றவர். படிப்பு கொஞ்சம்தான். ஆனால் எழுத்துக்கூட்டி முழுசாகப் படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. மகனுடைய கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில், அந்தப் பத்திரத்தை ஒரு வரி விடாமல் படித்து, பின்னால் நின்ற மாப்பிள்ளை பெண்களையெல்லாம் கால்கடுக்க நிற்க வைத்த மனுஷன்.

அப்பேர்ப்பட்டவரைப் பக்கவாதம் ஒருநாள் காலையில் பல் தேய்க்கும் இடத்திலேயே சாய்த்துவிட்டது. வலது கையும் வலது காலும் சொன்னபேச்சைக் கேட்காமல் போயின. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பேச்சு போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. முழுக்கப் போய்விடவில்லை. ஒரு சொல் வரும். அடுத்த சொல் எங்கேயோ மூலையில் நின்றுகொண்டு வரட்டுமா வேண்டாமா என்று யோசிக்கும். அது வந்து சேர்வதற்குள் எதிரே இருப்பவர் பாவப்பட்டு, மிச்சத்தைத் தானே சொல்லி முடித்துவிடுவார்.

"தண்ணி..." என்பார்.

"தண்ணி வேணுமாப்பா? இந்தாங்க" என்று மகன் டம்ளரை நீட்டுவான்.

கொல்லைக் குழாயில் தண்ணீர் மூடாமல் ஓடுகிறது என்று சொல்ல வந்திருப்பார். டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா இருப்பார். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மகன் நல்லவன்தான். மருமகளும் நல்லவள்தான். இருவரும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். அதனால் ஆளனுப்பும் ஏஜென்சி ஒன்றில் சொல்லி, பகலுக்கு ஒரு அம்மாளை வைத்தார்கள்.

வந்த அன்றே ஜன்னல் திரையைச் சரக்கென்று இழுத்துவிட்டு, "என்ன பெரியவரே, படுத்தே காலத்தை ஓட்டிடலாம்னு பாக்கறீங்களா?" என்று கேட்டாள் அவள். நாற்பது தாண்டியவள். தோள் அகலம் ஒரு வாசல் அகலம். கதவைச் சாத்தினால் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடும். அதனால் டயர்காரர் மனசுக்குள்ளேயே அவளுக்கு 'இடி' என்று பேர் வைத்துவிட்டார்.

குளிக்க வைக்கும்போது அவர் முதுகை அடிப்பிடித்த பாத்திரம் தேய்ப்பதைப் போலத் தேய்த்தாள். தோல் எரிந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ..." என்று ஆரம்பித்தார். அடுத்த சொல் வரவில்லை. வழக்கம்போல எதிராளி முடித்துவிடுவாள் என்று காத்திருந்தார்.

இடி முடிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சொல்லுங்க. பாதில விட்டா எனக்குக் காது கேக்காது."

வாளியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. உடம்பு ஈரத்தில் குளிர்ந்தது. அவள் அசையவில்லை. அவருக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

"நீ... ஒரு... ராட்சசி."

"அப்பாடா, வந்துடுச்சே!" என்றாள் இடி. "அடுத்த தடவை இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துத் திட்டுங்க. இப்ப அந்தக் காலை நீட்டுங்க."

விழுந்ததற்குப் பிறகு அவர் முழுசாக முடித்த முதல் வாக்கியம் அது. வசவாக இருந்தாலும் வாக்கியம்தானே. அன்று மத்தியானம் அவர் நன்றாகத் தூங்கினார்.

அவளைத் தெய்வம் என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. தட்டைத் தட்டென்று வைப்பாள். காற்றாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கேட்டால் "நீங்க படுத்துக்கிட்டு இருக்கீங்க, நான் ஓடிக்கிட்டு இருக்கேன், யாருக்கு வேர்க்கும்?" என்பாள். போனில் தங்கையோடு போடும் சண்டை தெரு முனை வரைக்கும் கேட்கும். டயர்காரர் எழுந்து நடக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் சாப்பாட்டுத் தட்டைக் கூடத்தில் வைத்துவிட்டு, "பசிச்சா வாங்க" என்று போய்விடுவாள். ஆனால் அவர் நடந்தார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு கூடம் வரைக்கும் போனார், அப்புறம் வாசல் வரைக்கும். பேச்சும் ஒரு சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல்லாக வர ஆரம்பித்தது.

"இங்க வேலை போனா என்ன பண்ணுவே?" என்று ஒருநாள் திக்கித் திக்கிக் கேட்டே முடித்துவிட்டார்.

"என்ன பண்றது, ஏஜென்சி மாடிக்குப் போய் பெஞ்சு தேய்க்கணும். வேலை இல்லாதவங்க காலைல போய் உக்காரணும், கூப்பிடுற வரைக்கும். நான் தேய்ச்ச தேய்ப்புல அந்த பெஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு."

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் அவர் கால் வழுக்கியது. இடி பாய்ந்து அவருடைய மேல்கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிவிட்டதோ என்று நினைத்தார். மண்டை தரையில் மோதாமல் தப்பியது. மேல்கையில் அவளுடைய விரல்கள் நீலமாகப் பதிந்துவிட்டன.

சாயங்காலம் இடி போன பிறகு சட்டை மாற்றிவிட்ட மருமகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன மாமா இது?"

"வழுக்கி..."

"வழுக்கி விட்டாளா?" என்றான் மகன். "இவ்வளவு நாளா கத்துறதோட நிறுத்தினா. இப்ப கையும் வைக்கிறாளா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். பயத்தில் தலை ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு மகன் அவர் நெற்றியைத் தடவிக் கொடுத்தான். மருமகள் ஏஜென்சிக்குப் போன் போட்டாள். அவள் பேசியதில் டயர்காரருக்கு ஒரு சொல்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

"என்ன... சொன்னே?" என்று கேட்டார், அவள் போனை வைத்ததும்.

"ரஃப்னு சொன்னேன் மாமா." மருமகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறவள். ஒரு சொல்லைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் அவளால் பாதியில் விட முடியாது. "ரஃப்னா சொரசொரப்பு. ரோட்டுக்குச் சொல்லலாம், துணிக்குச் சொல்லலாம், தோலுக்குச் சொல்லலாம். கடல் கொந்தளிச்சாலும் அதான். மனுஷங்களுக்குச் சொன்னா முரட்டுத்தனம், தன்மை இல்லாதவங்கன்னு அர்த்தம்."

"நல்லதுக்கு... வராதா?"

மருமகள் யோசித்தாள். "மனுஷங்களுக்குச் சொல்லும்போது வராது மாமா."

டயர்காரருக்குச் சுருக்கென்றது. பட்டறையில் பழைய டயரை மெஷினில் மாட்டி, மேல்தோலைச் சுரண்டி ரஃப் ஆக்குவதுதான் அவர் வேலை. வழவழப்பான டயரில் புது ரப்பர் பிடிக்காது. ரஃப் ஆக்காமல் ஒட்டினால் பாதி வழியிலேயே பட்டை பட்டையாக உரிந்து வந்துவிடும்.

"ரஃப்... ஆனாத்தான்..." என்று அவர் தொடங்கினார்.

"ஆமாப்பா, ரஃப் ஆனாத்தான் தெரியுது அவ குணம்" என்று மகன் முடித்து வைத்தான்.

மறுநாளே ஏஜென்சி மேடம் வீட்டுக்கு வந்துவிட்டார். சலவை மடிப்புக் கலையாத சேலை. பேச்சில் தேன் ஒழுகியது. டயர்காரர் கட்டிலில் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார். இடி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மகனும் மருமகளும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். வழுக்கியதையும் பிடித்ததையும் இடி சொன்னாள்தான். ஆனால் அவள் சொன்ன குரலிலேயே அது சண்டையாகக் கேட்டது.

"அய்யாவே சொல்லட்டும்" என்று மேடம் போனைத் தட்டிவிட்டு அவர் வாய்க்கு நேரே நீட்டினார். "பயப்படாதீங்க அய்யா, இது சும்மா பதிவுக்கு. இந்தம்மா உங்ககிட்ட ரஃபா நடந்துக்கிட்டாங்களா? ஆமாவா இல்லையா, ஒரு வார்த்தை போதும்."

டயர்காரருக்குப் பொய் வராது. ரஃப்தானே? முதுகைத் தேய்ப்பதும் ரஃப், பேச்சும் ரஃப், பிடித்த பிடியும் ரஃப். அதை இல்லையென்று சொல்ல அவர் என்ன விற்கவா வந்திருக்கிறார்?

"ஆமா. ரஃப்தான்..."

அதுக்கென்ன என்பது அடுத்த சொல். அது வந்துகொண்டுதான் இருந்தது. தொண்டைக்குழி வரைக்கும் வந்துவிட்டது.

"போதும் அய்யா, சிரமப்படாதீங்க" என்று மேடம் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆயுசில் எவனும் அவரிடம் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதில்லை. இன்று வாயாலேயே வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இடி வாசலிலேயே நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு. "கிளம்பும்மா" என்றார் மேடம். அவள் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். வந்த சொல் பயந்து உள்ளே ஓடிவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவு சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது. காலண்டர் ஆடவில்லை.

அடுத்து வந்தவள் சின்னப் பெண். குரலும் கையும் பஞ்சு. அதுவே பேராகிவிட்டது. "தாத்தா செல்லம், ஆ காட்டுங்க" என்று கூழாகக் குழைத்த சோற்றை ஸ்பூனில் ஊட்டுவாள். வாக்கரைப் பார்த்து, "அச்சச்சோ, இது எதுக்கு ரிஸ்க்கு" என்று பரணில் ஏற்றிவிட்டாள். முதுகில் அவள் துணியை ஒற்றினால் ஈ உட்கார்ந்து போன மாதிரி இருக்கும். அவர் வாய் திறந்தால் போதும், முழு வாக்கியத்தையும் அவளே சொல்லி, அவளே பதிலும் சொல்லிச் சிரித்துக்கொள்வாள். அவள்மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை.

"பாத்தியா, அப்பா எவ்வளவு அமைதியாயிட்டாரு" என்றான் மகன்.

மருமகள் மாமனார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் பஞ்சு அந்தப்பக்கம் போனபோது, டயர்காரர் சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "நீ... ஒரு..." ராட்சசி வரவில்லை. வியர்த்தது. மறுபடியும் முயன்றார். இந்தமுறை 'ஒரு' கூட வரவில்லை. அன்று அடைந்த பயத்தை அவர் பக்கவாதம் வந்தபோதுகூட அடையவில்லை. இப்படியே போனால் 'தண்ணி'யும் 'ஆமா'வும்தான் மிஞ்சும். அந்த 'ஆமா'வையும் ஆளாளுக்குப் பிடித்தபடி எடுத்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலையில் பஞ்சு வெந்நீர் வைக்கப் போன நேரத்தில், டயர்காரர் கட்டில் காலைப் பிடித்து எழுந்தார். நாற்காலியைப் பிடித்தார். மூலையில் சாத்தியிருந்த நீளக்குடையை இடது கையில் எடுத்துக்கொண்டார். சட்டைப் பித்தானை ஒற்றைக் கையால் கோணல்மாணலாக மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

"தாத்தா! எங்க போறீங்க? வாக்கிங்னா நாளைக்குப் போலாம் தாத்தா!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள் பஞ்சு. அவர் போட மறந்த செருப்பு அவள் கையில் இருந்தது. "விழுந்தீங்கன்னா என் வேலை போயிடும்!"

அவர் நிற்கவில்லை. குடை, இடது கால், இழுத்துவிட்ட வலது கால். சலூன்காரர் கடையிலிருந்து தலையை நீட்டினார். "எங்க பெரியவரே இந்தப் பக்கம்?"

"பெஞ்சு..."

"பெஞ்சுதானே, உள்ள வந்து உக்காருங்க, ரெண்டுமே காலியா இருக்கு!"

இவனுமா, என்று டயர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

ஏஜென்சி அடுத்த தெருவில், செருப்புக் கடைக்கு மேலே. படிக்கட்டு செங்குத்தாக இருந்தது. பஞ்சு கெஞ்சினாள், அழுதாள், மகனுக்குப் போன் செய்தாள், கடைசியில் வேறு வழியில்லாமல் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். சுவரில் தோளைச் சாய்த்துச் சாய்த்து அவர் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நீள அறை. ஒரு பக்கம் மேடத்தின் மேஜை. இன்னொரு பக்கம் கட்டிலில் ஆளுயரப் பொம்மை ஒன்று, போர்வை போர்த்திக்கொண்டு சிரித்தபடி கிடந்தது. சுவரோரம் பெஞ்சு. பெஞ்சின் கோடியில் இடி.

அவள் எழுந்து ஓடிவரவில்லை. மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். "பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள்.

"மேடம், நான் கூட்டிட்டு வரல, தாத்தாவே வந்துட்டாரு!" என்றாள் பஞ்சு மூச்சிரைக்க.

மேடம் பதறி எழுந்து தண்ணீர் ஊற்றினார். "அய்யா, எதுக்கு இவ்வளவு தூரம்? பயப்படாதீங்க, இவங்களை நாங்க வேற எங்கயும் அனுப்பல. பொம்மையை வச்சு மென்மைப் பயிற்சி தர்றோம். மன்னிப்புக் கேட்டுட்டு அதை முடிங்கன்னா மாட்டேங்கறாங்க."

"பொம்மை எழுந்து நடக்கப்போறதில்ல, அதுக்கு மென்மையே போதும்" என்றாள் இடி. "நான் பாக்கறது மனுஷங்களை. மன்னிப்பும் கேக்க மாட்டேன். அன்னிக்கு விட்டிருந்தா மண்டை உடைஞ்சிருக்கும்."

டயர்காரர் பெஞ்சுக்குப் போனார். இடிக்குப் பக்கத்தில், குடையை முழங்காலுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அய்யா, அது வேலை இல்லாதவங்க உக்கார்ற இடம்."

"எனக்கும்... இல்ல" என்றார்.

இடி மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். அது சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை.

மகன் வந்தான், முகமெல்லாம் வியர்வை. மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து விரலில் சாக்பீஸ் தூளோடு வந்தாள். ஆள் தேடி வந்த யாரோ ஒரு குடும்பமும் படியேறி வந்து, என்னவோ ஏதோ என்று வாசலிலேயே நின்றுவிட்டது. அவர்களைப் பார்த்ததும் மேடத்தின் குரலில் இன்னும் கொஞ்சம் தேன் சேர்ந்தது.

டயர்காரர் மேஜையைக் காட்டினார். "போன்... எடு."

"யாருக்குப் போன் போடணும்பா?" என்றான் மகன்.

அவர் குடையால் தரையை ஓங்கித் தட்டினார். மேடம் புரிந்துகொண்டு, தயங்கித் தயங்கிப் போனைத் தட்டிவிட்டு அவர் முன்னால் நீட்டினார்.

"ரஃப்தான்..."

"அதான் அன்னிக்கே சொல்லிட்டீங்களே அய்யா..."

"அப்பா, அவமேல கோவம்னா நாங்க பாத்துக்கறோம், நீங்க..."

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மருமகள் புருஷனைப் பார்த்து. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போடுகிற குரல். "மேடம், நீங்களும்தான். அவரு இன்னும் முடிக்கல."

அறை அடங்கியது. மின்விசிறி கடகடத்தது. கீழே கடையில் யாரோ செருப்பைத் தரையில் தட்டிப் பார்க்கிற சத்தம் வந்தது. மகன் இரண்டு முறை வாயைத் திறந்து இரண்டு முறையும் மூடிக்கொண்டான். பஞ்சு உதட்டைக் கடித்துக்கொண்டாள், அவளுக்கு ஒரு வாக்கியத்தைப் பாதியில் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது இதுதான் முதல்முறை. இடி கையைக் கட்டிக்கொண்டு நேரே சுவரைப் பார்த்தாள். ஒரு எழுத்துக்கூட எடுத்துக்கொடுக்கவில்லை.

"ரஃப்தான்... அதுக்கென்ன?" என்றார் டயர்காரர். "எனக்கு... அவதான்... வேணும். உங்க... எல்லாரையும்... மாதிரி... பேசினா..." நரம்பு புடைத்தது. எச்சில் வழிந்தது. துடைக்க வந்த பஞ்சுவின் கையைத் தள்ளிவிட்டார். "நான்... படுத்தே... செத்துடுவேன்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

மேடம்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "சரிங்க அய்யா. ஆனா ஒரு விஷயம். ரஃப்னு பதிவாயிட்டா அதே வீட்டுக்குத் திரும்ப அனுப்பக்கூடாதுன்னு விதி. அந்தச் சொல்லை நீங்க வாபஸ் வாங்கினா..."

"மாட்டேன்."

இதுமட்டும் ஒரே மூச்சில் வந்தது.

"அப்ப எதுவானாலும் நீங்கதான் பொறுப்புன்னு ஒரு கையெழுத்தாவது..."

"கை... வராது. வந்தாலும்... போட மாட்டேன்." குடையை இன்னும் அழுத்தமாக ஊன்றினார். "இங்கதான்... இருப்பேன்."

வாசலில் நின்ற குடும்பத்தில் ஒரு பெரியம்மா மெதுவாகக் கேட்டாள்: "இந்த அம்மாவுக்கு இங்க இடம் இல்லேன்னா, எங்க வீட்டுக்கு அனுப்புவீங்களா? எங்க வீட்டுக்காரரும் எழுந்திருக்கவே மாட்டேங்கறாரு."

டயர்காரர் அந்த அம்மாளை முறைத்த முறைப்பில் அவள் ஓர் அடி பின்னால் போனாள்.

"பொறுப்பு எங்களோடது மேடம்" என்றாள் மருமகள். "அதையும் அந்தப் போன்லயே பதிவு பண்ணிக்குங்க. ரஃப்னு நான் சொன்ன சொல் அப்படியே இருக்கட்டும். அவரு சொன்ன மிச்சமும் அதுக்குப் பக்கத்துல இருக்கட்டும்."

மேடம் மகனைப் பார்த்தார். மகன் தலையாட்டினான். மேடம் போனை அணைத்து, "என்னமோ பண்ணுங்க" என்றார். தேன் இல்லாத குரல். அந்த ஒரு பேச்சுக்காக டயர்காரருக்கு அவர்மேல் கொஞ்சம் மதிப்புக்கூட வந்தது.

இடி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நன்றி சொன்னாள் என்றோ, கண் கலங்கினாள் என்றோ எழுத ஒன்றும் நடக்கவில்லை. "ஏறி வந்தாச்சு சரி, இறங்குறது யாரு?" என்றாள். "எழுந்திருங்க."

படிக்கட்டில் அவள் அவருக்கு ஒரு படி கீழே, முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு பின்னோக்கி இறங்கினாள். கை நீட்டவில்லை. விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் மட்டும் நின்றாள். குடையைப் பஞ்சுவிடம் கொடுத்துவிட்டு அவர் இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்; வலது கால் அடுத்த படியைத் தேடியது. பின்னாலிருந்த மகன் பொறுக்க முடியாமல் அவர் தோளைப் பிடித்தான்.

"கையை எடுங்க தம்பி!"

அந்தச் சத்தத்தில் செருப்புக் கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். மகன் சுட்ட மாதிரிக் கையை எடுத்தான்.

பாதிப் படியில் டயர்காரர் நின்றார். "நீ..."

இடியும் நின்றாள். இடுப்பில் கை போயிற்று. அவருக்குப் பின்னால் மகன், மருமகள், செருப்பையும் குடையையும் கட்டிக்கொண்டு பஞ்சு, எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கீழேயிருந்து ஏற வந்த ஒருவரும் காரணம் தெரியாமலே காத்து நின்றார்.

"நீ... ஒரு... பொல்லாத... ராட்சசி."

"ரெண்டு வார்த்தை சேக்கச் சொன்னேன், ஒண்ணுதான் சேத்திருக்கீங்க" என்றாள் இடி. "இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? இறங்குங்க."